மூன்று சிலிண்டரிலும் சிவப்பு நூல்

“கழுத்துல சிவப்பு நூல் இருக்கா இல்லையா? அதை மட்டும் சொல்லு மச்சான்.”

“இருக்கு. எங்கதான் இல்ல? கண்ணாடியில இருக்கு, ஸ்டியரிங்ல இருக்கு, ஸ்பேர் டயர்ல இருக்கு. உன் தங்கச்சி எங்க வீட்டு நாயைக்கூட விட்டு வைக்கல.”

“நாய் கிடக்கட்டும். சிலிண்டர்ல?”

வயர்லெஸ் கரகரத்தது. பிறகு, “அதுலயும் கட்டியிருக்கா,” என்றது குரல். “மூணுலயும் கட்டியிருக்கா.”

“முள் எங்க நிக்குதுன்னு பாரு.”

கதவு திறக்கும் சத்தமும், காற்று மைக்கில் மோதும் சத்தமும் கேட்டன. அந்த இரண்டு ஓட்டுநர்களும் பேசியது எங்கள் மலைநாட்டுக் கெச்சுவா மொழி; எங்கள் வண்டியில் இருந்த பயணிகள் யாருக்கும் அது புரியாது. எனக்கு மட்டும்தான் புரியும்.

“முழுசா இருக்கு மச்சான்,” என்றார் இன்னொரு ஜீப்பில் இருந்த ஹிலாரியோன். கொஞ்சம் பொறுத்து, “அப்போ உங்கிட்ட இருக்கறது...” என்று இழுத்தார்.

எங்கள் வண்டியை ஓட்டிய ஃபோர்ச்சுனாத்தோ வயர்லெஸைக் கொக்கியில் மாட்டினார். கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தார். நான் பின்னிருக்கையில், எங்கள் ஆக்ஸிஜன் சிலிண்டரை முழங்கால்களுக்கு நடுவில் இடுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அதன் கழுத்தில் சிவப்புக் கம்பளி நூல் குஞ்சம் விட்டுத் தொங்கியது. அளவு காட்டும் முள் பூஜ்யத்தில் படுத்திருந்தது.

என் பெயர் டெல்ஃபினா யுக்ரா. பதினொரு வருடமாக வழிகாட்டி வேலை. காட்டில் தொடங்கி, பனிமலை ஏறி இறங்கி, பாலைவனத்தில் முடிகிற இருபத்தொரு நாள் பயணத்தை நானும் ஓட்டுநர் ஃபோர்ச்சுனாத்தோவும் நடத்துகிறோம். அன்று பத்தொன்பதாவது நாள். வண்டியில் ஐந்து பயணிகள். அவர்களில் ஒருவரான ஹெல்வி என் தோளில் சாய்ந்து, தண்ணீருக்கு அடியிலிருந்து மூச்சு விடுவதுபோல் விட்டுக்கொண்டிருந்தார். உள்ளே ஏதோ கொதிக்கிற சத்தம் எனக்கு ஜாக்கெட்டைத் தாண்டிக் கேட்டது. உதடுகள் நாவல்பழத்தின் நிறத்துக்குப் போய்விட்டன. ரத்தத்தில் ஆக்ஸிஜனை அளக்க விரலில் மாட்டும் கருவி அறுபத்தொன்று என்று காட்டியது. அந்த உயரத்தில் மற்றவர்களுக்கு எண்பத்தைந்து இருந்தது.

நுரையீரலில் நீர் கோத்துவிட்டது. உயரம் சிலருக்கு இப்படிச் செய்யும். ஆக்ஸிஜன் கொடுக்க வேண்டும், கீழே இறக்க வேண்டும். இரண்டில் ஒன்றாவது உடனே நடக்காவிட்டால் சாயங்காலம் வரை தாங்க மாட்டார்.

எங்களிடம் முதலாவது இல்லை. ஏன் இல்லை என்று சொல்லிவிடுகிறேன்.

எங்கள் ஊரில் மூன்று ஜீப்புகள் சுற்றுலாவுக்கு ஓடுகின்றன. வண்டிக்கு ஒரு சிலிண்டர் இருந்தால்தான் தேசியப் பூங்கா வாசலில் உள்ளே விடுவார்கள். இருக்கிறதா என்று பார்ப்பார்கள். உள்ளே காற்று இருக்கிறதா என்று பார்க்க மாட்டார்கள். நிரப்புவதென்றால் நகரத்துக்கு அனுப்பிப் பத்து நாள் காத்திருக்க வேண்டும். அதனால் ஓட்டுநர்கள் தங்களுக்குள் ஒரு முறை வைத்திருந்தார்கள். மூன்றில் ஒன்று எப்போதும் முழுசாக இருக்கும். அதன் கழுத்தில் சிவப்புக் கம்பளி நூல் கட்டியிருக்கும். வயதானவர்களோ பலவீனமானவர்களோ எந்த வண்டியில் இருக்கிறார்களோ, அந்த வண்டிக்கு அது போகும். யாரும் முள்ளைப் பார்ப்பதில்லை. நூல் சொன்னால் போதும். பதினொரு வருடத்தில் நூல் ஒருமுறைகூடப் பொய் சொன்னதில்லை.

நான்கு நாளுக்கு முன்பு, பாலைவனத்துக்குக் கிளம்புமுன் பயணிகளோடு எங்கள் ஊரில் தங்கியிருந்தபோது, கம்பளி தரும் லாமா விலங்குகளுக்குக் காதில் நூல் கட்டும் விழா. ஹிலாரியோனின் மனைவி சாத்துர்னினா மந்தை முழுவதற்கும் கட்டி முடித்த பிறகும் கூடையில் நூல் மிச்சமிருந்தது. சோளக் கள்ளும் மிச்சமிருந்தது. எதெல்லாம் வெளியே போய்ப் பத்திரமாக வீடு திரும்ப வேண்டுமோ அதற்கெல்லாம் கட்டுவேன் என்று கிளம்பிவிட்டாள். சுவரோரம் வரிசையாக நின்ற மூன்று சிலிண்டர்களுக்கும் கன்னத்தைத் தட்டிக் கொஞ்சியபடி கட்டினாள். நான் அங்கேதான் இருந்தேன். கைதட்டிச் சிரித்தேன். மறுநாள் காலையில் ஃபோர்ச்சுனாத்தோ கதவுக்கு அருகில் இருந்த சிலிண்டரை வண்டியில் ஏற்றினார். பூங்கா வாசலில் நான் நூலைப் பார்த்தேன், தாளில் ‘முழு சிலிண்டர் ஒன்று’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

“வருதா?” என்று ஆர்னே ஆங்கிலத்தில் கேட்டார்.

ஆர்னே ஹெல்வியின் கணவர். இருவரும் ஃபின்லாந்துக்காரர்கள். அவர் நாற்பது வருடம் ரொட்டி சுட்டவர். ஹெல்வி தபால்காரி, குளிர்காலத்தில் பனியில் சறுக்கிப் போய்க் கடிதம் கொடுத்தவர். காட்டில் சேற்றுக்குள் இடுப்பு வரை இறங்கிப்போன பிரேசில் பல் டாக்டர் ஜுராந்தீரைக் கையைப் பிடித்து வெளியே இழுத்தது அறுபத்தொரு வயது ஹெல்விதான். பனிமலையில் எல்லோருக்கும் முன்னால் நடந்தவரும் அவர்தான். அதனாலேயே நான் அவரைச் சரியாகக் கவனிக்கவில்லை. அன்று காலை எல்லோர் விரலிலும் கருவியை மாட்டிப் பார்த்தேன். ஹெல்வி கையுறை போட்டிருந்தார். நன்றாக இருக்கிறேன் என்றார். சரி என்று நகர்ந்துவிட்டேன். ராத்திரி முழுக்க இருமியதை, பயணத்தைக் கெடுக்க வேண்டாம் என்று அவர் மறைத்திருந்தார். ஆர்னேவையும் சொல்லவிடவில்லை.

“டெல்ஃபினா, காத்து வருதா?”

ஹெல்வியின் கண்கள் அகன்றிருந்தன. என் கையை அவர் பிடித்திருந்த பிடியில் என் விரல்கள் மரத்துப்போயின. பயம் மூச்சை இன்னும் வேகமாக்கும்; வேகம் இருக்கிற கொஞ்ச காற்றையும் தின்றுவிடும்.

ஃபோர்ச்சுனாத்தோ திரும்பாமலே கெச்சுவாவில் சொன்னார். “முகமூடியைப் போட்டு விடு அம்மாடி. பக்கத்துல ஓட்டை இருக்கு, வெளிக்காத்து எப்படியும் வரும். தைரியமாவது கிடைக்கட்டும்.”

நான் ஆக்ஸிஜன் முகமூடியை ஹெல்வியின் முகத்தில் பொருத்தினேன். குழாயை மாட்டினேன். வால்வைத் திருகினேன். ஒன்றும் சத்தம் வரவில்லை. எஞ்சின் இரைச்சலில் அது யாருக்கும் தெரியவில்லை. என் கம்பளித் தொப்பியைக் கழற்றி முள்ளின் மேல் கவிழ்த்தேன்.

“வருது,” என்றேன்.

ஆர்னே கைக்கடிகாரத்தைப் பார்த்து, சின்ன நோட்டில் பன்னிரண்டு நாற்பது என்று எழுதினார். பிறகு ஹெல்வியின் மார்பைப் பார்த்து எண்ணத் தொடங்கினார். ஒரு நிமிடத்துக்கு நாற்பது இருந்த மூச்சு, சிறிது நேரத்தில் முப்பத்தாறுக்கு இறங்கியது. ஹெல்வி என் கையை விட்டார். ஆர்னே என்னைப் பார்த்துத் தலையசைத்தார். அந்தத் தலையசைப்பில் இருந்த நன்றியை நான் எப்படி வாங்கிக்கொண்டேன் என்று தெரியவில்லை. வாங்கிக்கொண்டேன்.

ஹிலாரியோன் வடக்கே நான்கு மணி நேரத் தொலைவில் இருந்தார். அந்த வழி முழுவதும் இதே உயரம். தெற்கே இரண்டரை மணி நேரத்தில் சிலி நாட்டு எல்லை. எல்லையைத் தாண்டினால் தார்ச்சாலை. நாற்பது நிமிடத்தில் இரண்டாயிரம் மீட்டருக்கு மேல் இறங்கிவிடும். கீழே ஊர், மருத்துவமனை, கெட்டியான காற்று. எங்கள் வண்டிக்கு எல்லை தாண்ட அனுமதி கிடையாது. வழக்கமாக நாங்கள் பயணிகளை எல்லையில் இறக்கிவிடுவோம், சிலிக்காரர்களின் வேன் ஏற்றிக்கொள்ளும். அதை அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று தெற்கே கிளம்பினோம்.

இறங்குவதற்கு முன்னால் ஒரு கணவாய் ஏற வேண்டும். அதுதான் அந்த வழியின் கொடுமை. மணலில் நூறு வண்டித் தடங்கள் பின்னிப் பிரிந்து கிடந்தன. ஃபோர்ச்சுனாத்தோ எதையும் யோசிக்காமல் தடம் மாறி மாறி ஓட்டினார். ஆகஸ்ட் காற்று சன்னல்களில் சரளையை வாரி அடித்தது. பின்வரிசையில் இருந்த அர்ஜென்டினாச் சகோதரிகள் ரொமினாவும் அய்லினும் ஹெல்வியின் கால்களைக் கதகதப்பாக வைக்கத் தங்கள் போர்வைகளை முன்னால் தள்ளினார்கள். முதலுதவிப் பெட்டியில் இருந்த மாத்திரையை ஜுராந்தீர் எடுத்துக் கொடுத்தார். எல்லோரும் தன்னை டாக்டரைப் பார்ப்பதுபோல் பார்ப்பதைக் கவனித்து, தனக்குத் தாடைக்குக் கீழே எதுவும் தெரியாது என்று முணுமுணுத்தார். யாருக்கும் சிரிப்பு வரவில்லை. அவருக்கும்தான்.

“ஐம்பத்தி ஏழு,” என்றேன், கருவியைப் பார்த்து. சொல்லியிருக்கக் கூடாது.

“ஆக்ஸிஜன் கொடுத்தும் ஏன் குறையுது?” என்று ஆர்னே கேட்டார்.

மேலே ஏறுகிறோம், தாண்டியதும் சரியாகிவிடும் என்று சொன்னேன். ஒரு பொய் தனியாக நிற்காது, அதற்குப் பக்கத்தில் இன்னொன்றைச் சாய்த்து வைக்க வேண்டியிருக்கிறது.

கணவாயின் உச்சியில் எல்லா ஓட்டுநர்களும் நிறுத்தும் ஒரு கற்குவியல் உண்டு. இறங்கி, ஒரு கல்லை வைத்து, இங்கே எல்லோரும் மெல்லும் கோக்கா இலையைக் கொஞ்சம் தூவி, மலையிடம் சொல்லிக்கொண்டு போவார்கள். ஃபோர்ச்சுனாத்தோ அங்கே நிறுத்தாமல் போனதை நான் பார்த்ததே இல்லை. அன்று அவர் வேகத்தைக் குறைக்கவில்லை. சன்னலை இறக்கி, தன் கோக்காப் பையை அப்படியே முழுசாக வெளியே வீசினார். அந்த வீச்சில் வண்டி ஒரு பள்ளத்தில் இறங்கி எகிறியது. என் தொப்பி முள்ளின் மேலிருந்து நழுவி விழுந்தது.

எனக்கு இந்தப் பக்கம் ஹெல்வி, அந்தப் பக்கம் ஜுராந்தீர். ஹெல்விக்கு அப்பால் இருந்த ஆர்னே அவரைப் பிடித்துக்கொண்டிருந்ததால் பார்க்கவில்லை. ஜுராந்தீர் பார்த்தார். முள்ளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். குனிந்து தொப்பியை எடுத்து, அது இருந்த இடத்திலேயே கவிழ்த்து, அதன் மேல் தன் கையை வைத்துக்கொண்டார். பிறகு ஸ்பானிஷில், எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார்:

“நானும் வலிக்காதுன்னு சொல்லித்தான் பல்லைப் புடுங்குவேன். ஆனா ஊசி போட்டுட்டுத்தான் சொல்வேன்.”

“வேற வழி இல்ல டாக்டர்.”

“தெரியுது. அதான் கையை எடுக்கல.”

ஃபோர்ச்சுனாத்தோவும் அதைக் கண்ணாடியில் பார்த்திருக்க வேண்டும். யாராவது கேட்டால் வழியில் தீர்ந்துபோய்விட்டது என்று சொல்லிக்கொள்ளலாம் என்றார் கெச்சுவாவில். அவர் குரலில் தந்திரம் எதுவும் இல்லை. மூன்று வண்டிகளின் அனுமதியும், அதை நம்பியிருந்த மூன்று குடும்பங்களும், என் உரிமமும் அந்த ஒரு வாக்கியத்தில் பிழைத்துக்கொள்ளும். எனக்கு உண்மையிலேயே நிம்மதியாக இருந்தது. வழியில் தீர்ந்துவிட்டது. ஆமாம், அப்படித்தான். அதற்குள் கீழே போய்விடுவோம்.

எங்கள் பக்கத்து எல்லைக் கட்டடத்தில் வெளியேறும் முத்திரைக்கு நிற்கவில்லை. வாசலில் சூப் குடித்துக்கொண்டிருந்தவர் கரண்டியோடு எழுந்து நின்று பார்த்தார். ஃபோர்ச்சுனாத்தோ ஹாரனிலிருந்து கையை எடுக்காமல் அவரைக் கடந்தார்.

சிலிப் பக்கத்துத் தடுப்பு மூடியிருந்தது. சங்கிலி போட்டுப் பூட்டியிருந்தார்கள். அதற்கு அப்பால் கறுப்பாக, ஈரம்போல் மின்னி, அழகாக இறங்கும் சாலை. மேலே ஒரு வேன்கூட இல்லை. பெரிய காற்று வருகிறது என்று மதியமே போக்குவரத்தை நிறுத்திவிட்டார்களாம். ஓயார்சுன் என்ற இளம் அதிகாரி மட்டும் ஒரு தகரக் கொட்டகையில் இருந்தார். அவர் ஓடி வந்து வண்டிக்குள் எட்டிப் பார்த்தார், முகம் வெளிறியது. ஒரு லாரி ஓட்டுநருக்கு நெஞ்சுவலி வந்து, அவரை ஏற்றிக்கொண்டு ஆம்புலன்ஸ் அரை மணி நேரத்துக்கு முன்புதான் கீழே போனது என்றார். கொட்டகையில் இருந்த ஆக்ஸிஜனும் அதோடு போய்விட்டது. ஆனால் ஆம்புலன்ஸில் இருக்கும் டாக்டரை வயர்லெஸில் பிடிக்கலாம். அனுமதியில்லாத வண்டியைத் தன் இஷ்டத்துக்கு உள்ளே விட முடியாது, டாக்டர் சொன்னால் விடலாம் என்றார்.

ஆர்னேவும் நானும் அவரோடு கொட்டகைக்குள் ஓடினோம். ஃபோர்ச்சுனாத்தோ வாசலில் நின்றார்.

டாக்டர் ஒரு பெண். சுருக்கமாகப் பேசுகிறவர். வயது, இருமல், நுரை, உதட்டின் நிறம் என்று வரிசையாகக் கேட்டார். நான் பதில் சொன்னேன். விரல் கருவியின் எண் என்ன என்றார். ஐம்பத்தைந்து என்றேன்.

“ஆக்ஸிஜன் கொடுத்தீங்களா?”

அந்தச் சொல் எந்த மொழியிலும் ஏறக்குறைய ஒன்றுதான். ஆர்னே அதைப் பிடித்துக்கொண்டார். நான் வாயைத் திறப்பதற்குள் நோட்டை விரித்து, ஓயார்சுன் முன்னால் நீட்டினார். பன்னிரண்டு நாற்பது என்று எழுதியிருந்ததை விரலால் தொட்டுக் காட்டினார். கைக்கடிகாரத்தைக் காட்டினார். மூன்று இருபது. இடையில் நிமிடவாரியாக மூச்சு எண்ணிக்கைகள், ரொட்டிக்கடைக் கணக்கைப் போல ஒழுங்காக.

“பன்னிரண்டு நாற்பதிலிருந்து கொடுக்கறாங்களாம். ரெண்டு மணி நாற்பது நிமிஷம்,” என்று ஓயார்சுன் வயர்லெஸில் சொன்னார்.

பிறகு டாக்டரின் குரல் மெதுவாக வந்தது. அவ்வளவு நேரம் ஆக்ஸிஜன் கொடுத்தும் எண் ஏறவில்லை, இறங்கியிருக்கிறது என்றால் இது வெறும் உயரக் கோளாறாக இருக்க முடியாது. இதயமாக இருக்கலாம், நுரையீரலில் ரத்தக்கட்டி அடைத்திருக்கலாம். அப்படியானால் அந்தச் சாலையில் ஜீப்பில் குலுக்கிக்கொண்டு வந்தால் வழியிலேயே போய்விடுவார். அசைக்கக் கூடாது. சாய்த்து உட்கார வையுங்கள், ஆக்ஸிஜனை நிறுத்தாதீர்கள். லாரி ஓட்டுநரை மருத்துவமனையில் சேர்த்து, அவர் நிலை தேறியதும் நானே மேலே வருகிறேன். மூன்று மணி நேரம்.

ஆர்னே என் முகத்தைப் பார்த்தார். நான்தான் மொழிபெயர்க்க வேண்டும்.

“டாக்டர் மேல வராங்களாம்,” என்றேன். “அதுவரைக்கும் அசைக்க வேண்டாமாம்.”

அவர் தோள்கள் இறங்கின. இரண்டு மணி நேரத்துக்கு மேல் அவர் தனியாகத் தூக்கிக்கொண்டிருந்த எதையோ ஒரு டாக்டர் வாங்கிக்கொண்டதுபோல. நோட்டை மடித்துப் பையில் வைத்தார். மனைவியிடம் சொல்ல வெளியே போனார்.

மூன்று மணி நேரம். இங்கே, இதே உயரத்தில், காலி முகமூடியோடு.

வழியில் தீர்ந்துபோய்விட்டது என்ற வாக்கியம் என் நாக்கில்தான் இருந்தது. ஆனால் அதனால் இப்போது ஒரு பயனும் இல்லை. தீர்ந்துபோனது என்றால் அதுவரை இருந்தது என்று அர்த்தம். ஹெல்வியைக் கொல்லப்போவது அந்த ‘இருந்தது’தான். வாசலில் ஃபோர்ச்சுனாத்தோவைப் பார்த்தேன். அவருக்கும் புரிந்திருந்தது. தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார். வேண்டாம் என்றும் சொல்லவில்லை, சொல் என்றும் சொல்லவில்லை. காற்றில் அவர் நரைமுடி பறந்தது.

ஓயார்சுன் வயர்லெஸை வைக்கப் போனார். நான் அவர் கையிலிருந்து அதை வாங்கினேன்.

“டாக்டர், அவங்களுக்கு ஆக்ஸிஜனே கொடுக்கல.”

“என்ன சொன்னீங்க?”

“சிலிண்டர் காலி. கிளம்பும்போதே காலி. ஒரு மூச்சுகூட அவங்களுக்குப் போகல. பயப்படக் கூடாதுன்னு வெறும் முகமூடியைப் போட்டு வெச்சேன். அவர் கணவருக்குத் தெரியாது. எழுதினதெல்லாம் நான் சொன்ன பொய்யை நம்பி எழுதினது.”

“அப்போ இன்னும் அங்க நின்னு என்ன பண்றீங்க?” என்றார் டாக்டர். “இறக்குங்க. இந்த நிமிஷமே. நான் பாதி வழியில எதிர வரேன். ஓயார்சுன், கேக்குதா? தடுப்பைத் திற.”

ஓயார்சுன் சாவிக்கொத்தை எடுத்தார். என்னை ஒரு கணம் பார்த்தார். திட்டுவார் என்று நினைத்தேன். உரிமத்தை மேசையில் வைத்துவிட்டுப் போகும்படி மட்டும் சொன்னார். வைத்தேன். அவர் தடுப்பை நோக்கி ஓடினார். ஃபோர்ச்சுனாத்தோ அதற்குள் வண்டியில் ஏறி எஞ்சினை உயிர்ப்பித்துவிட்டார்.

ஆர்னே பின்கதவைத் திறந்து வைத்து, ஹெல்வியின் முதுகுக்குப் பின்னால் போர்வைகளை அடுக்கிக்கொண்டிருந்தார். எஞ்சின் சத்தம் கேட்டதும் நிமிர்ந்தார். அவர் முகத்தில் எரிச்சல்கூட இல்லை, குழப்பம்தான் இருந்தது. அசைக்க வேண்டாம் என்று டாக்டர் சொன்னாரே, ஃபோர்ச்சுனாத்தோவிடம் சொல்லவில்லையா என்று என்னைக் கேட்டார்.

இதைச் சொல்ல நல்ல விதம் ஒன்று இருக்கும் என்று பத்தடி நடக்கும்வரை தேடினேன். கிடைக்கவில்லை.

“ஆர்னே, சிலிண்டர்ல காத்து இல்ல. ஆரம்பத்துல இருந்தே இல்ல. வருதுன்னு நான் பொய் சொன்னேன். அதை இப்ப டாக்டர்கிட்ட சொல்லிட்டேன். உடனே கீழ இறக்கச் சொல்றாங்க.”

அவர் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு வண்டிக்குள் குனிந்து, ஜுராந்தீரின் கையை விலக்கி, என் தொப்பியை எடுத்தார். முள்ளைப் பார்த்தார். அதை விரல் நகத்தால் ஒருமுறை தட்டிப் பார்த்தார், எங்காவது சிக்கியிருக்குமோ என்பதுபோல. ஹெல்வியின் முகத்தைப் பார்த்தார். ஹெல்வி கண்களை மூடியிருந்தார். முகமூடியின் உள்பக்கம் இளஞ்சிவப்பாக நுரை ஒட்டியிருந்தது.

“அவ சொல்றது நிஜம்,” என்றார் ஜுராந்தீர். “இப்ப சொல்றது நிஜம். டாக்டர் பேசினது வெளிய வரைக்கும் கேட்டுது, எனக்கு ஸ்பானிஷ் தெரியும்.”

“நீ இதுமேல கையை வெச்சுக்கிட்டுத்தானே வந்த?” என்றார் ஆர்னே.

ஜுராந்தீர் கையை மடிக்கு இழுத்துக்கொண்டார்.

ஆர்னே தொப்பியை மணலில் போட்டார். பின்கதவை மெதுவாக, தூங்குகிறவர் அறையின் கதவைச் சாத்துவதுபோல் சாத்தினார். பிறகு வண்டியின் முன்னால் போய், இரண்டு கைகளையும் பானெட்டின் மேல் ஊன்றி நின்றார். ஃபோர்ச்சுனாத்தோ ஹாரன் அடிக்கவில்லை. எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. ஆர்னேவுக்குப் பின்னால் சங்கிலி விழும் சத்தம் கேட்டது. தடுப்பு மேலே போனது. சாலை திறந்து கிடந்தது.

“முதல்ல அசைக்காதேன்னாங்க,” என்றார். “அதையும் நீதான் சொன்ன. இப்ப இறக்குன்னு சொல்றாங்க. இதையும் நீதான் சொல்ற. எனக்கு அந்தப் பாஷை ஒரு வார்த்தை தெரியாது. நீ சொல்றதைத் தவிர எங்கிட்ட எதுவுமே இல்ல.”

உண்மைதான். அவரிடம் எதுவுமே இல்லை. பத்தொன்பது நாளாக எந்த ஆற்றில் இறங்கலாம், எந்தக் கல்லில் கால் வைக்கலாம், எந்தத் தண்ணீரைக் குடிக்கலாம் என்று எல்லாவற்றையும் நான் சொல்லித்தான் செய்திருந்தார். ஒவ்வொரு முறையும் ஹெல்வி முதலில் இறங்குவார். அவர் பின்னால் இறங்குவார்.

வண்டிக்குள்ளிருந்து அய்லினின் குரல் வந்தது. ஆர்னே விட்ட இடத்திலிருந்து அவள் எண்ணிக்கொண்டிருந்தாள். நாற்பத்தி நாலு என்றாள். கொஞ்சம் பொறுத்து, சத்தத்தைத் தாழ்த்தி, விரல் கருவியில் ஐம்பத்தொன்று என்றாள். ஆர்னேவின் கைகள் பானெட்டிலிருந்து அசையவில்லை. காற்று அவர் ஜாக்கெட்டை முதுகோடு ஒட்டி இழுத்தது.

நான் அவருக்குப் பக்கத்தில் போய் நின்றேன். தொடவில்லை. தொடும் உரிமை எனக்கு இல்லை.

“என்னை நம்பச் சொல்லல, ஆர்னே,” என்றேன். “கீழ போனதும் என்னை என்ன வேணா பண்ணுங்க, யார்கிட்ட வேணா சொல்லுங்க, நானே கூட வந்து சொல்றேன். இப்ப கையை எடுத்துட்டு வழியை விடுங்க. வந்து அவங்க பக்கத்துல உட்காருங்க.”